குழந்தைக்குக் காதுவலி: முதல் இரவிலிருந்து மருந்து முடியும் நாள்வரை

கடை ஷட்டரைப் பாதி இறக்கியிருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் வருவார்கள். தோளில் அழுதுகொண்டே ஒரு குழந்தை, கையில் பழைய ஆன்டிபயாட்டிக் பாட்டில். "அக்கா, போன மாசம் காதுவலிக்கு எழுதிக் கொடுத்தது. இதையே ஒண்ணு கொடுத்துடுங்க, ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டேங்கிறா." பன்னிரண்டு வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். அந்தப் பாட்டிலை நான் கொடுப்பதில்லை. வெறுங்கையோடு அனுப்புவதும் இல்லை. கவுன்டரில் இரண்டு நிமிடத்தில் சொல்வதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். முதல் குழந்தை, முதல் காதுவலி என்று தவிப்பவர்களுக்காக.

காதுவலியில் அவசரம் என்பது வலிக்குத்தான். வலிமருந்து இன்றைக்கு ராத்திரியே வேண்டும். ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்பதை, பெரும்பாலான குழந்தைகளுக்கு, காலையில் டாக்டர் காதைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் போதும். சிலருக்கு அது தேவையே படாது. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஆன்டிபயாட்டிக்கைத் தேடி ஓடுகிறோம், குழந்தை வலியில் துடிக்கிறது.

காதுக்குள் என்ன ஆகிறது

செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைதான் நடுக்காது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பெரியவர்களுக்கு அது சரிவாக இருப்பதால் நீர் தானாக வடிந்துவிடும். குழந்தைகளுக்கு அதே குழாய் குட்டையாக, கிட்டத்தட்டப் படுக்கைவாக்கில் இருக்கிறது. சளி பிடித்தால் வீங்கி அடைத்துக்கொள்கிறது. உள்ளே நீர் கட்டி, மூக்கிலிருந்து ஏறிய கிருமி அதில் பெருகி, சீழாகி, செவிப்பறையை வெளியே தள்ளுகிறது. அந்த அழுத்தம்தான் வலி. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை இது அதிகம். சளி பிடித்த இரண்டு மூன்று நாளில் திடீரென்று காய்ச்சல், இரவில் வீறிட்டு அழுகை, பால் குடிக்க மறுப்பது என்று வந்தால் காதைச் சந்தேகிக்கலாம். வெறுமனே காதைப் பிடித்து இழுப்பதை மட்டும் நம்ப வேண்டாம். பல் முளைக்கும்போதும் தூக்கம் வரும்போதும் குழந்தைகள் அதைச் செய்வார்கள்.

முதல் இரவு: வலியை அடக்குங்கள்

பாராசிட்டமால் போதும். ஒரு வேளைக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வரை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். வயதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், எடைதான் கணக்கு.

இங்கே நடக்கும் ஒரு தவறைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும். பாராசிட்டமால் ஒரே மருந்து, ஆனால் கடையில் மூன்று விதமாக இருக்கிறது. 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப். அப்புறம் கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து, அதில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருக்கிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வேண்டியது 150 மி.கி. என்றால், முதல் சிரப்பில் சுமார் 6 மி.லி., இரண்டாவதில் 3 மி.லி., சொட்டு மருந்தில் ஒன்றரை மி.லி. "போன தடவை 6 மி.லி. கொடுத்தோமே" என்று அதே அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும், அது ஈரலைப் பாதிக்கும். சொட்டு மருந்துப் பாட்டில் சின்னதாக இருப்பதால் வீரியமும் குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறு. வாங்கும்போதே எடையைச் சொல்லி, எத்தனை மி.லி. என்று கடைக்காரரிடம் பாட்டில் மேலேயே எழுதி வாங்குங்கள்.

ஐபுபுரோஃபென் காதுவலிக்கு நன்றாகக் கேட்கும், ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு, சாப்பிட்ட பிறகு கொடுக்கலாம். ஆனால் டெங்கு இருக்கிற ஊரில், காய்ச்சல் எதனால் என்று தெரியாதபோது நான் அதை எடுத்துக் கொடுக்க மாட்டேன், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். டாக்டர் பார்த்துச் சொன்னால் கொடுங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வையுங்கள், அல்லது தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். மடியில் நிமிர்ந்திருக்கும்போது வலி குறைவதைக் குழந்தையே காட்டிக்கொடுக்கும்.

காதில் எண்ணெய் விடாதீர்கள். காய்ச்சிய தேங்காயெண்ணெய், பூண்டு எண்ணெய், தாய்ப்பால், எதுவும் வேண்டாம். பாட்டி சொல்வது அன்பினால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் செவிப்பறை முழுசாக இருந்தால் எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போகாது. ஓட்டை விழுந்திருந்தால் நேராக நடுக்காதுக்குள் போய்விடும். போதாக்குறைக்கு, காலையில் டாக்டர் பார்க்கும்போது எண்ணெய்ப் படலம் மறைத்து ஒன்றும் தெரியாது.

காலைவரை காத்திருக்கக் கூடாதவர்கள்

மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல் என்றால், காதுவலியோ இல்லையோ, அந்த நேரமே ஆஸ்பத்திரி. மற்றவர்களுக்கு: காதுக்குப் பின்னால் எலும்பு மேல் சிவந்து வீங்கி, தொட்டால் வலிப்பது, காது மடல் ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது, கழுத்து விறைப்பது, வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம், எதைக் கொடுத்தாலும் வாந்தி. இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடலாம். காதுக்குப் பின்னால் வீங்குவது, நோய் எலும்புக்குள் பரவியதன் அடையாளம். வாயால் கொடுக்கும் சிரப் அதற்குப் போதாது.

டாக்டரிடம்

குழந்தைகள் நல மருத்துவரே போதும், நேராக ஈஎன்டி டாக்டரிடம் போக வேண்டும் என்றில்லை. முக்கியம், ஓட்டோஸ்கோப் என்ற சின்ன விளக்குக் கருவியை வைத்துக் காதுக்குள் பார்ப்பது. செவிப்பறை வெளியே உப்பியிருந்தால் அது நடுக்காதுத் தொற்று. வெறும் சிவப்பை வைத்து முடிவுக்கு வர முடியாது, அழுகிற குழந்தைக்கும் காய்ச்சல்காரக் குழந்தைக்கும் செவிப்பறை சிவந்துதான் இருக்கும். காதைப் பார்க்காமலே மருந்து எழுதத் தொடங்கினால், "காதை ஒரு தடவை பார்த்துடுங்களேன் டாக்டர்" என்று கேட்பதில் தப்பே இல்லை. எந்தக் காது, ஒன்றா இரண்டா, உப்பியிருக்கிறதா, சீழ் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். அடுத்த முடிவு இந்தப் பதில்களில்தான் இருக்கிறது.

போகும்போது குழந்தையின் எடை, கடந்த ஒரு மாதத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக் சீட்டு, முன்பு ஏதாவது மருந்துக்குத் தடிப்பு வந்திருந்தால் அந்த விவரம், தடுப்பூசி அட்டை, இவ்வளவும் கையில் இருக்கட்டும்.

கொடுப்பதா, பொறுத்துப் பார்ப்பதா

பெற்றோருக்கு நம்பக் கஷ்டமாக இருப்பது இதுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் சுமார் 60 சதவீதக் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்துக்குள் வலி அடங்கிவிடுகிறது. அதற்கடுத்த ஓரிரு நாளில் ஒரு குழந்தைக்காவது வலி கூடுதலாகக் குறைய, ஏறக்குறைய 20 குழந்தைகளுக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கிறது. 14 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு அந்த மருந்தாலேயே வாந்தியோ பேதியோ தடிப்போ வருகிறது. நெதர்லாந்தில் 1990லேயே பொறுத்துப் பார்க்கும் முறையைப் பொது மருத்துவர்களுக்கு வழிகாட்டியாக வைத்துவிட்டார்கள்.

அதற்காக யாருக்குமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013ல் வெளியிட்ட வழிகாட்டுதலை உலகெங்கும் பல டாக்டர்கள் பின்பற்றுகிறார்கள். அதன்படி, ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளில், காதிலிருந்து சீழ் வடிந்தாலோ, வலி கடுமையாகவோ 48 மணி நேரத்துக்கு மேலோ இருந்தாலோ, காய்ச்சல் 102.2 டிகிரியைத் தொட்டாலோ மருந்து கொடுக்க வேண்டும். இரண்டு வயது ஆகாத குழந்தைக்கு இரண்டு காதிலும் தொற்று என்றால், லேசாக இருந்தாலும் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் கீழே பேச்சே இல்லை, டாக்டர் உடனே தொடங்குவார். மிச்சம் இருப்பவர்கள், அதாவது ஒரு காதில் மட்டும் லேசான தொற்று உள்ள சின்னக் குழந்தைகளும், இரண்டு வயது தாண்டி லேசாக வந்தவர்களும், வலிமருந்தோடு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

பொறுத்துப் பார்ப்பது என்றால் சும்மா விட்டுவிடுவது இல்லை. மூன்றாம் நாள் மறுபடி காட்ட முடிகிறவர்களுக்குத்தான் அது சரி. பக்கத்தில் டாக்டர் இல்லாத ஊர், பஸ் கிடைக்காத பயணம் என்றால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிலர் மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்து, "48 மணி நேரத்தில் குறையவில்லை என்றால் வாங்குங்கள்" என்பார்கள். நல்ல வழி அது.

எந்த மருந்து, எவ்வளவு

முதல் மருந்து அமாக்ஸிசிலின். பழைய மருந்து, விலை குறைவு, அதனாலேயே "லைட்டான மருந்து" என்று நினைக்கிறார்கள். நடுக்காதுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. இங்கே தொந்தரவு செய்யும் கிருமிகளில் முக்கியமானது நியூமோகாக்கஸ். அது அமாக்ஸிசிலினுக்கு ஓரளவு பழகிப்போயிருந்தாலும், அளவைக் கூட்டிக் கொடுத்தால் மடியும். அதனால்தான் காதுக்கு ஒரு நாளைக்கு கிலோவுக்கு 80 முதல் 90 மி.கி., இரண்டு வேளையாகப் பிரித்து எழுதுகிறார்கள். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 400 முதல் 450 மி.கி. இதைப் பார்த்துப் பயந்து, "டோஸ் ஜாஸ்தியா இருக்கே" என்று வீட்டில் பாதியாக்கிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி டோஸில் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். சந்தேகம் வந்தால் எழுதிய டாக்டரிடமே கேளுங்கள், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கடந்த 30 நாளில் அமாக்ஸிசிலின் சாப்பிட்டிருந்தாலோ, கண்ணும் சிவந்து பீளை தள்ளினாலோ, அமாக்ஸிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்ந்தது எழுதுவார்கள். சில கிருமிகள் அமாக்ஸிசிலினை உடைத்துப்போடும் நொதியைச் சுரக்கின்றன. கிளாவுலனிக் அமிலம் அந்த நொதியை முடக்கிவிடும். பேதி கொஞ்சம் அதிகம் வரும், அதனால் சாப்பாடு தொடங்கும்போதே கொடுக்க வேண்டும்.

அசித்ரோமைசின், செஃபிக்சிம் இரண்டையும் பெயர் சொல்லியே கேட்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், ருசியும் நன்றாக இருக்கிறது என்று. நியூமோகாக்கஸிடம் இவை அமாக்ஸிசிலின் அளவுக்கு நம்பகமானவை இல்லை. பென்சிலின் வகைக்கு அலர்ஜி உள்ள குழந்தைக்கு என்ன மாற்று என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சளிக்கான மாத்திரை, மூக்கடைப்பு சிரப் இவற்றால் நடுக்காதுத் தொற்று சீக்கிரம் ஆறுவதில்லை.

எத்தனை நாள்? இரண்டு வயதுக்குக் கீழே 10 நாள், இரண்டு முதல் ஐந்து வயதுவரை 7 நாள், அதற்கு மேல் 5 முதல் 7 நாள் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு.

பவுடரைக் கலப்பது

பாட்டிலுக்குள் பவுடராக வருவதை நாம்தான் தண்ணீர் விட்டுக் கலக்க வேண்டும். இதில் தவறினால் எழுதிய அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

முதலில் மூடியைத் திறக்காமல் பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பவுடர் உதிரட்டும். பெட்டியிலேயே தண்ணீர்க் குப்பி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீர். சூடான தண்ணீர் மருந்தைக் கெடுத்துவிடும். லேபிளில் ஒரு கோடு அல்லது அம்புக்குறி இருக்கும். அதற்குக் கீழே பாதியளவு ஊற்றி, மூடி, நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்க ஒரு நிமிடம் விடுங்கள். இப்போது மட்டம் இறங்கியிருக்கும். கண் மட்டத்தில் பாட்டிலைப் பிடித்து, கோடுவரை மறுபடி ஊற்றிக் குலுக்குங்கள். நுரையைப் பார்த்து "கோடு வந்துவிட்டது" என்று நிறுத்தினால் மருந்து கெட்டியாகி அளவு கூடிவிடும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் நீர்த்துப்போகும்.

கலந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் அல்ல. பெரும்பாலான லேபிள்களில் 7 நாள்தான் ஆயுள், உங்கள் பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். மருந்து அடியில் தங்கிவிடும், குலுக்காவிட்டால் முதல் நாள் தண்ணீரும் கடைசி நாள் மொத்த மருந்தும் போகும்.

இன்னொன்று. இந்தப் பாட்டில்கள் பல 30 மி.லி.தான். வேளைக்கு 5 மி.லி., நாளைக்கு இரண்டு வேளை என்றால் மூன்றே நாளில் காலி. "பாட்டில் முடிஞ்சது, கோர்ஸ் முடிஞ்சது" என்று நிறுத்திவிடுகிறார்கள். 10 நாளைக்கு நான்கு பாட்டில் வேண்டும். சீட்டைக் காட்டும்போதே மொத்தம் எத்தனை பாட்டில் என்று கேட்டு வாங்குங்கள். வாங்கியதை எல்லாம் ஒரே நாளில் கலக்காதீர்கள், ஒன்று முடிந்த பிறகு அடுத்தது.

கொடுக்கும்போது

சமையல் ஸ்பூன் வேண்டாம், வீட்டுக்கு வீடு அதன் அளவு மாறும். ஊசியில்லாத சிரிஞ்ச் சில ரூபாய்க்குக் கிடைக்கும். குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறும். பால் பாட்டிலில் கலந்துவிட்டு, பாதிப் பால் மிச்சமானால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்தால் அதே அளவைத் திரும்பக் கொடுக்கலாம். அதற்குப் பிறகென்றால் அடுத்த வேளைவரை விட்டுவிடுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

லேசான பேதிக்காக மருந்தை நிறுத்தத் தேவையில்லை. ஓஆர்எஸ், மோர், கஞ்சி, தாய்ப்பால் தொடரட்டும். ஆனால் உதடோ முகமோ வீங்குவது, உடம்பெல்லாம் அரிப்போடு தடித்துத் தடித்து எழும்புவது, மூச்சு இழுப்பது என்றால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில நாள் கழித்து அரிப்பில்லாமல் பொடிப்பொடியாகச் சிவப்பது எல்லா நேரமும் அலர்ஜி இல்லை. போட்டோ எடுத்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள். நாமே "பென்சிலின் ஒத்துக்காது" என்று முத்திரை குத்திவிட்டால், அந்தக் குழந்தைக்கு வாழ்நாள் முழுக்க ஒரு நல்ல மருந்து கிடைக்காமல் போகும்.

மூன்றாம் நாள்

மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சலும் அழுகையும் குறைய வேண்டும். முதல் நாளே "கேட்கவில்லை" என்று மருந்தை மாற்றக் கேட்காதீர்கள். மூன்று நாள் ஆகியும் அப்படியே இருந்தால் அதே டாக்டரிடம் திரும்பப் போங்கள், அவருக்குத்தான் முதலில் பார்த்த காது எப்படி இருந்தது என்று தெரியும்.

காதிலிருந்து சீழ் வந்தால்

தலையணையில் மஞ்சள் கறையைப் பார்த்துப் பதறுவார்கள். செவிப்பறையில் சின்னதாக ஓட்டை விழுந்து, உள்ளே கட்டியது வெளியே வருகிறது. வலி சட்டென்று குறைந்திருக்கும். பெரும்பாலும் அந்த ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். இருந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

காதைத் துடைக்க பட்ஸ் வேண்டாம். சுத்தமான பருத்தித் துணியைச் சின்னத் துண்டாக வெட்டி, விளக்குத் திரி போல முறுக்கி, காது வாயில் மெதுவாக வையுங்கள். ஈரத்தை உறிஞ்சியதும் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுத் திரி. திரி காய்ந்து வரும்வரை. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது செய்யலாம். குளிக்கும்போது காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தைத் தாண்டியும் வடிந்தால் அது நாள்பட்ட காது நோய். அதற்கு வாய்வழி சிரப்பைவிடக் காதுச் சொட்டு மருந்துதான் முக்கியம், ஈஎன்டி டாக்டர் பார்க்க வேண்டும். "சின்ன வயசில் எல்லாருக்கும் காது வடியும்" என்று வருஷக்கணக்கில் விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் காதில் விழாமல் பின்தங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனது தாங்கவில்லை.

மருந்து முடிந்த பிறகு

வலி போனாலும் நடுக்காதில் நீர் கொஞ்ச நாள் நிற்கும். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு இருக்கும், மூன்று மாதத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். இந்த நீருக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. கூப்பிட்டால் திரும்பாதது, டிவி சத்தத்தைக் கூட்டுவது, பேச்சு தாமதமாவது தெரிந்தால் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீர் நின்றாலும் சோதிக்க வேண்டும். ஆறு மாதத்தில் மூன்று தடவையோ, ஒரு வருஷத்தில் நான்கு தடவையோ தொற்று வந்தால், செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பது பற்றி ஈஎன்டி டாக்டர் பேசுவார்.

மிச்சமான சிரப்பை அடுத்த முறைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் கொடுக்காதீர்கள். மாத்திரை அட்டையில் நெடுக ஒரு சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது.

மறுபடி வராமல் இருக்க வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. பாலாடையிலோ பாட்டிலிலோ கொடுக்கும்போது படுக்கவைத்து ஊற்றாதீர்கள், தலை உயரமாக இருக்கட்டும். முதல் ஆறு மாதம் தாய்ப்பால். வீட்டுக்குள் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. குளிப்பாட்டிய பிறகு காட்டும் சாம்பிராணிப் புகையையும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காதிலும் மூக்கிலும் வாயால் ஊதுவதையும் நிறுத்துங்கள்.

அப்புறம் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசுத் திட்டத்தில் இலவசம். அட்டையில் பிசிவி என்று இருக்கும், 6வது வாரம், 14வது வாரம், 9வது மாதம் என்று மூன்று கட்டங்கள். ஏதாவது காலியாக இருந்தால், காய்ச்சல் விட்டதும் அட்டையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.